கௌபாய் கதைகளை அலமாரியிலிருந்து இறக்கிய செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

நூலகத்தின் சிறுவர் பகுதியில் டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லுக், சிக் பில் ஆகிய கௌபாய் காமிக்ஸ்கள் இருந்த இரண்டு தட்டுகளை நீங்கள் காலி செய்துவிட்டீர்கள். உங்கள் சுற்றறிக்கை இதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது. துப்பாக்கி ஏந்திய நாயகர்கள் பிள்ளைகளுக்கு வன்முறையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கதைகள் நம் பண்பாட்டுக்குத் தொடர்பில்லாதவை. படிப்புக்கு உதவாதவை. நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த காமிக்ஸ் சந்தாவையும் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். புத்தகங்கள் இப்போது மோட்டார் அறையில், சாக்கு மூட்டைகளில், பழைய பேப்பர்காரருக்காகக் காத்திருக்கின்றன.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த நூலகத்தைத் திறந்து வைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். கௌபாய் கதைகளைச் சின்ன வயதிலிருந்து படிப்பவள் என்ற முறையிலும்தான். அண்ணன் கடையில் வாங்கி வருவான், அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் படித்துவிடுவேன்.

முதலில் ஒரு நேரடிக் கேள்வி. உங்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது முழுதாகப் படித்தீர்கள்? செயலாளர் ஐயாவிடம் நேரிலேயே கேட்டேன். அட்டையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார். அட்டையில் ரிவால்வர் இருக்கிறது, உண்மை. அந்த ரிவால்வர் யாரை நோக்கி, எதற்காக நீட்டப்படுகிறது என்பது உள்ளே இருக்கிறது.

டெக்ஸ் வில்லரையே எடுத்துக்கொள்வோம், உங்கள் மூட்டைகளில் அதிக எடை அவருடையதுதான். 1948 செப்டம்பர் 30 அன்று இத்தாலியில் பிறந்த பாத்திரம். எழுதியவர் ஜியான் லூயிஜி போனெல்லி, வரைந்தவர் ஔரேலியோ கலெப்பினி. அதே சமயத்தில் இருவரும் தொடங்கிய இன்னொரு தொடர்தான் ஓடும் என்று நம்பியிருந்தார்கள். அதைப் பகலில் வரைந்துவிட்டு, டெக்ஸை இரவில் வரைந்தார் கலெப்பினி. நம்பிய தொடர் சீக்கிரமே நின்றுபோனது, இரவு வேலைக்குப் பிறந்தவர் எழுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். தமிழில் எண்பதுகளின் நடுவிலேயே வந்துவிட்டார். சிவகாசியிலிருந்து வரும் இதழ்களில் அவருக்கு ‘இரவுக் கழுகார்’ என்று பெயர். நம் பக்கத்து வாசகர்கள் சுருக்கமாகத் ‘தல’ என்பார்கள்.

இந்த ‘தல’ யார்? ஒரு டெக்சாஸ் ரேஞ்சர், அதாவது டெக்சாஸ் மாநிலக் காவல் படைவீரர். அதோடு நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் தலைவர். அவர் மணந்தது லிலித் என்ற நவஹோ பெண்ணை. அவருடைய மகன் கிட், பாதி நவஹோ. கூடவே சுற்றும் தோழர் டைகர் ஜாக்கும் நவஹோ. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிக்கும் பழங்குடிகளுக்கும் வழக்கு என்றால், பெரும்பாலான கதைகளில் டெக்ஸ் நிற்கும் பக்கம் எது என்று நம் நூலகத்துக்கு வரும் நாலாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். சாராயத்தையும் துப்பாக்கியையும் பழங்குடிகளுக்குக் கள்ளத்தனமாக விற்கும் வியாபாரி, ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடும் அரசியல்வாதி, நிலத்துக்காகப் பண்ணையைக் கொளுத்தும் பணக்காரன் – அந்த ரிவால்வர் இவர்களைத்தான் குறிபார்க்கிறது.

லிலித் எப்படிச் சாகிறாள் தெரியுமா? அம்மை நோய்க் கிருமி ஒட்டிய போர்வைகளை வியாபாரிகள் விற்கிறார்கள், அதில் தொற்றிச் சாகிறாள். இந்தக் கட்டத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் வந்தான். “ஆன்ட்டி, இப்படி நிஜமாவே பண்ணுவாங்களா, இல்ல கதைக்காக எழுதினதா?” என்றான். கதை கற்பனைதான், ஆனால் போர்வை விஷயம் நடந்திருக்கிறது என்று சொன்னேன். 1763-இல், இன்றைய பென்சில்வேனியாவில் இருந்த பிட் கோட்டையில், பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் பழங்குடித் தூதர்களுக்கு ஆங்கிலேயர்கள் அம்மை மருத்துவமனையிலிருந்து இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் எடுத்துக் கொடுத்தார்கள். வில்லியம் டிரென்ட் என்ற வியாபாரி தன் நாட்குறிப்பில் அதை எழுதியே வைத்திருக்கிறார். அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குடைந்திருக்கிறான். மறு வாரம் அவன் அப்பா வந்து, “என்ன புத்தகம் அது, நானும் பார்க்கிறேன்” என்று வாங்கிப்போனார். வன்முறையைக் கற்றுக்கொண்ட பிள்ளை என்று இவனைச் சொல்வீர்களா?

கதைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. டெக்ஸின் உயிர்த்தோழர் கிட் கார்சன், வெள்ளி முடி வைத்த, சதா புலம்பிக்கொண்டே வரும் அருமையான கிழவர். எனக்கு மிகப் பிடித்தவர். ஆனால் அதே பெயரில் வரலாற்றில் வாழ்ந்த கார்சன் என்ன செய்தார்? 1863-64இல் நவஹோ மக்களைப் பணியவைக்க அவர்களுடைய வயல்களைக் கொளுத்திய, ஆடுகளைக் கொன்ற படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். கான்யன் டி ஷே பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் மரங்களையும் அந்தப் படையெடுப்பில் வெட்டிச் சாய்த்தார்கள். பட்டினியில் சரணடைந்தவர்களை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெதோந்தோ என்ற இடத்துக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடத்தியே கூட்டிப்போனார்கள். அங்கே 8,000-க்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்தார்கள். 1868-இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது. அப்படிப்பட்ட மனிதரின் பெயரை நவஹோ தலைவரின் நண்பருக்கு வைத்தது எப்படிச் சரியாகும் என்று ஒரு பெரிய விவாதமே நூலகத்தில் நடந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அப்ப எழுதினவருக்கு இது தெரியாதா, தெரிஞ்சும் எழுதினாரா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு இப்படி ஒரு கேள்வியைப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்?

கேப்டன் டைகர் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சுற்றறிக்கையில் “குடி, சூதாட்டம்” என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பது இவரைத்தான் என்று நினைக்கிறேன். சரிதான், டைகர் குடிப்பார், சீட்டாடுவார், மேலதிகாரி சொல்வதைக் கேட்க மாட்டார், உடைந்த மூக்கோடு திரிவார். பிரான்சில் அவர் பெயர் புளூபெர்ரி. ழான்-மிஷெல் ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைய, 1963 அக்டோபர் 31 தேதியிட்ட ‘பிலோத்’ வார இதழில் தொடங்கிய தொடர். முதல் கதையிலேயே ஒரு கோட்டையின் மேஜர் பாஸ்கம் என்பவர், ஒரு சிறுவனைக் கடத்தியது அப்பாச்சே பழங்குடித் தலைவர் கோச்சிஸ்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். கடத்தியவர்கள் வேறொரு கூட்டத்தினர். ஒரு அதிகாரியின் பிடிவாதத்தால் போர் மூள்கிறது. இதுவும் ஆகாயத்திலிருந்து வந்த கற்பனை இல்லை. 1861-இல் லெப்டினன்ட் ஜார்ஜ் பாஸ்கம், ஒரு சிறுவன் காணாமல் போனதற்குக் கோச்சிஸைக் குற்றம் சாட்டி, பேசக் கூப்பிட்டு, கூடாரத்துக்குள் வைத்துப் பிடிக்கப் பார்த்தார். கோச்சிஸ் கூடாரத் துணியைக் கத்தியால் கிழித்துக்கொண்டு தப்பினார். பிறகு இரண்டு பக்கமும் பிணைக்கைதிகளைக் கொன்றார்கள். அந்தப் பகை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. விசாரிக்காமல் தண்டித்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாமல் காட்டும் கதை அது. (செயற்குழு உறுப்பினர்களும் படிக்கலாம்.)

ஜிரோவின் கோட்டோவியத்தை ஒரு தடவையாவது கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும், குதிரையின் வாயோரத்து நுரையும், வெயிலில் சுருங்கிய கண்ணும் அதில் தெரியும். இளம் வயதில் மெக்சிகோவின் பாலைவனத்தில் சில மாதங்கள் வாழ்ந்தவர் அவர், அந்த வெயில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. பி பிளாக்கில் ஒரு பையன், பேசவே கூச்சப்படுபவன், டைகர் கதையிலிருந்து ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். மனிதர்களை வரையவில்லை, பாறையை மட்டும். நிழலுக்கு எப்படிக் குறுக்குக் கோடு போட வேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். அந்தப் படத்தைத்தான் பொங்கல் விழாவில் நீங்கள் மேடைக்குப் பின்னால் மாட்டி, பரிசும் கொடுத்தீர்கள். அது எந்தப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

பண்பாட்டுக்குத் தொடர்பில்லாதவை என்ற காரணத்துக்கு வருகிறேன். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது 1972-இல், லயன் காமிக்ஸ் 1984-இல். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் இத்தாலியிலும் பிறந்த கௌபாய்கள் இந்த இதழ்களில் நல்ல தமிழ் பேசி, நம் வீட்டுப் பரண்களில் இடம் பிடித்துத் தலைமுறைகள் கடந்துவிட்டன. தமிழ் வாசகர்களைப் போல இவர்களைக் கொண்டாடுபவர்கள் இந்தியாவில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நம் நூலகத்தில் இதைவிட முக்கியமான ஒன்று நடந்துகொண்டிருந்தது. இங்கே பாதிப் பிள்ளைகள் தமிழைப் பாடமாகப் படிக்காதவர்கள். இரண்டாம் மொழி இந்தி, இல்லையென்றால் பிரெஞ்சு. வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்தைக் கண்டால் ஓடுவார்கள். அவர்களில் ஒருத்தி முதன்முதலாகத் தானாக வாசித்த தமிழ்ச் சொல் ‘டுமீல்’. பெரிய எழுத்தில், சிவப்பில், படத்தின் குறுக்கே இருந்தது. அடுத்தது ‘ஹா… ஹா…’. அப்புறம் சிக் பில் கதையில் வரும் கிட் ஆர்டின் ஷெரீப்பிடம் அடிவாங்கும் கட்டத்தில் ‘ஐயோ’. பலூனுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வாக்கியங்கள், பக்கத்திலேயே படம், அர்த்தம் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம். இப்போது அவள் ஒரு முழு சிக் பில் கதையை உரக்கப் படித்து, தம்பிக்குக் குரல் மாற்றி நடித்துக் காட்டுகிறாள். தமிழ் வளர்ச்சிக்கு என்று சங்கம் வாங்கி வைத்த தடித்த நன்னெறித் தொகுதிகள் மேல்தட்டில் கண்ணாடிக் கதவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் பின்பக்கத்துச் சீட்டில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை, நீங்களே போய்ப் பார்க்கலாம்.

படிப்புக்கு உதவாதவை என்பதற்கும் இதுவே பதில். மேற்கொண்டு அதைப் பேசப் போவதில்லை.

வன்முறைதான் உங்கள் பெரிய கவலை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தக் கவலை புதிதும் இல்லை. டெக்ஸ் பிறந்த அதே 1948-இல், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனிலும் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-இல் பிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படிப்பதால்தான் சிறுவர்கள் குற்றவாளிகள் ஆகிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் அதே ஆண்டு தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை முத்திரையை உருவாக்கிக்கொண்டார்கள். அது 2011 வரை உயிரோடு இருந்தது. வெர்தாமின் ஆவணங்கள் 2010-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியை அவற்றை உட்கார்ந்து படித்தார். சிறுவர்கள் சொன்னதை வெர்தாம் பல இடங்களில் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் பயன்படுத்தியிருக்கிறார் என்பதை 2012-இல் எழுதினார். உங்கள் சுற்றறிக்கையில் “ஆய்வுகள் கூறுகின்றன” என்று ஒரு வரி வருகிறது. எந்த ஆய்வு என்று சொன்னால் நானும் படிக்கத் தயார்.

பிரான்சும் சும்மா இருக்கவில்லை. சிறுவர் பதிப்புகளைக் கண்காணிக்க 1949-இல் சட்டம் வந்தது. லக்கி லுக் தொடரில் பில்லி தி கிட் பற்றிய கதையில், கைக்குழந்தையாக இருக்கும் பில்லி சூப்பானுக்குப் பதில் ரிவால்வரைச் சப்பிக்கொண்டிருப்பான். அந்தத் தணிக்கைக்குப் பயந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். தொட்டிலிலேயே ரவுடியாக இருந்தான் என்ற கேலிகூட அன்றைய பெரியவர்களுக்கு ஆகவில்லை. இன்னொரு பக்கம், நியாயமான மாற்றமும் நடந்திருக்கிறது. லக்கி லுக் வாயில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த சிகரெட்டை அவரை உருவாக்கிய மோரிஸ் 1983-இல் எடுத்துவிட்டு ஒரு புல் தண்டைச் செருகினார். அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1988-இல் அவரைப் பாராட்டியது. கதையை எடுத்து எறியவில்லை, சிகரெட்டை எடுத்தார்கள். எதை விடுவது, எதை வைப்பது என்று படித்துப் பார்த்தவர்கள் உட்கார்ந்து யோசித்தால் இப்படி ஒரு வழி கிடைக்கும்.

தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவர் என்று பெயர் எடுத்த இந்த லக்கி லுக் பெரும்பாலும் என்ன செய்கிறார்? எதிராளியின் கையிலிருக்கும் துப்பாக்கியைத் தட்டிவிடுகிறார், பெல்ட்டை அறுத்து கால்சட்டையை நழுவவிடுகிறார், கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்களை ஆண்டுதோறும் சிறைக்குத் திருப்பி அழைத்துப் போகிறார். இதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் செய்த மிக மோசமான காரியம், வாட்டர் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்று “யார் முதல்ல எடுக்கிறாங்கன்னு பாப்போம்” என்று சவால் விட்டதுதான். தரையெல்லாம் தண்ணீர். அதற்குத் திட்டினேன், துடைக்கவும் வைத்தேன். இதே சங்கம் தீபாவளிக்கு மொத்தமாக வாங்கி விநியோகித்த பட்டாசுப் பெட்டியில் ரோல் கேப் துப்பாக்கி இருந்ததே, அதை யாரும் எதிர்க்கவில்லை. கிளப் ஹவுஸ் சோபாவில் கைப்பேசியை வைத்துக்கொண்டு மாலை முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கும் பையன்களையும் யாரும் எழுப்பவில்லை. நூலகத்தில் தலை வெட்டும் ராஜா கதைகள் அப்படியே இருக்கின்றன. வாள் என்றால் வீரம், ரிவால்வர் என்றால் வன்முறை என்று ஒரு கணக்கு இருந்தால் அதையாவது எழுதிப் போடுங்கள்.

என் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்கு முன். எல்லாக் கௌபாய் கதைகளும் எல்லா வயதுக்கும் இல்லை. முகம் பாதி சிதைந்த அமெரிக்கத் துப்பாக்கி வீரன் ஜோனா ஹெக்ஸ், 1972-இல் வந்த பாத்திரம், ஒருவர் ஆங்கிலத் தொகுப்பாக நன்கொடை கொடுத்தார். அது பெரியவர்களுக்கானது. சிறுவர் தட்டில் இருந்தது தப்பு, அதை நகர்த்தச் சொல்லிப் பொறுப்பாளரிடம் நானே கேட்டிருந்தேன். பழைய லக்கி லுக் கதைகளில் சீனர்களையும் கறுப்பினத்தவரையும் வரைந்த விதம் இன்றைக்குக் கூச வைக்கிறது. அதே தொடர் 2020-இல் பருத்தித் தோட்டத்தில் நடக்கும் ஒரு கதையில் பாஸ் ரீவ்ஸ் என்ற கறுப்பின மார்ஷலை, வரலாற்றில் வாழ்ந்த மனிதரை, லக்கி லுக்குக்கு நிகராக நிறுத்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கே புரியும். பெண்கள் குறைவு என்பது பெரிய குறை. “இதுல பொண்ணுங்களே இல்லையா?” என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள். கமான்சே தொடரில் பண்ணையை நடத்துவது ஒரு இளம்பெண், துப்பாக்கிக்காரன் ரெட் டஸ்ட் அவளிடம் வேலைக்குச் சேர்ந்தவன் என்று தேடி எடுத்துக் கொடுத்தேன். அதுவும் இப்போது மூட்டைக்குள்தான்.

பிள்ளைகள் மட்டும் இழக்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அலமாரியின் தவறாத வாசகர் நம் இரவுக் காவலாளி அண்ணன். உறுப்பினர் அட்டை அவருக்குக் கிடையாது, என் அட்டையில் எடுத்துத் தருவேன். இரவு ஒரு குண்டு புக் வாங்குவார், காலை ஷிப்ட் மாறும்போது பழைய காலண்டர் தாளில் சுற்றி, முனை மடங்காமல் திருப்பித் தருவார். “தல இந்தக் கதையில கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரும்மா, அந்த ஷெரீப் நல்லவன்னு எனக்கு முதல்லயே தெரியும்” என்று விமர்சனமும் வரும். மூட்டைகளைத் தூக்கி மோட்டார் அறையில் போடச் சொன்னதும் அவரைத்தான். சொன்ன வேலையைச் செய்தார். தரை ஈரம் என்று அடியில் இரண்டு மரப்பலகை போட்டு வைத்திருக்கிறார், அது நீங்கள் சொல்லாதது.

இனி, நான் கேட்பவை.

மூட்டைகளை இந்த வாரமே மோட்டார் அறையிலிருந்து எடுத்து நூலகத்துக்குள் வையுங்கள். பழைய பேப்பருக்குப் போடும் யோசனையைக் கைவிட்டதாக எழுத்தில் அறிவியுங்கள். அவற்றில் பாதிக்கு மேல் குடியிருப்பவர்கள் நன்கொடையாகக் கொடுத்தவை. கொடுத்தவர்களைக் கேட்காமல் விற்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை. பல இதழ்கள் இனி மறுபதிப்பு வந்தால்தான் உண்டு.

புத்தகங்களை வயதுவாரியாகப் பிரித்து அடுக்க அனுமதி கொடுங்கள். லக்கி லுக், சிக் பில் கீழ்த்தட்டில் எல்லாருக்கும். டெக்ஸ், டைகர், கமான்சே மேல்தட்டில், பன்னிரண்டு வயதுக்கு மேல். ஜோனா ஹெக்ஸ் போன்றவை பெரியவர்கள் பகுதிக்கு. பிரித்து, சீட்டு ஒட்டி, பட்டியல் போடும் வேலையை நானும் இன்னும் சில பெற்றோரும் செய்து தருகிறோம். எந்தப் பிள்ளை எதைப் படிக்கக் கூடாது என்று அதன் பெற்றோர் நினைக்கிறார்களோ, அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறோம். ஒருவர் வீட்டு முடிவு எல்லார் வீட்டுக்கும் முடிவாக வேண்டாம்.

இனி எந்தப் புத்தகத்தை நீக்குவதானாலும், குழுவில் குறைந்தது இருவர் அதை முழுதாகப் படித்து, எந்தப் பக்கத்தில் என்ன ஆட்சேபம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். கௌபாய் கதைக்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு வேறொருவர் வேறொரு புத்தகத்தின் அட்டையைப் பார்த்து முகம் சுளிக்கலாம்.

நின்றுபோன சந்தாவைப் புதுப்பியுங்கள். பணம்தான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், வசூலித்துத் தருகிறோம். கொள்கைதான் பிரச்சினை என்றால் அதைப் பொதுக்குழுவில் வைத்து வாக்கெடுங்கள். நூலகக் குழுவில் வாசகர்கள் சார்பில் ஒருவரும் மேல்வகுப்புப் பிள்ளைகள் சார்பில் ஒருவரும் இருக்க வேண்டும். வேலை பார்ப்பவர்களுக்கும் – காவலாளிகள், தோட்டக்காரர், வீட்டு வேலைக்கு வருபவர்கள் – நூலக அட்டை கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது கௌபாய் கதைக்குத் தொடர்பில்லாத கோரிக்கை என்று தோன்றலாம். இருக்கட்டும், இதையும் சேர்த்தே கேட்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு நிற்காது. என் வீட்டிலிருக்கும் பிரதிகளைக் கொண்டு வந்து நூலகத்தின் மேஜையில் வைத்து நடத்துவேன். அதற்குத் தடை போடுவதாக இருந்தால் அதையும் எழுத்திலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு வாசிப்பை நடத்தும் ஓர் உறுப்பினர்